நோயாளி வாயில் வரும் ‘டேக்’

டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டில் மேலே ஒரு குறி இருக்கும். ஆங்கில ஆர் எழுத்து, அதன் கால் சற்று நீண்டு, அந்தக் காலின் மேல் குறுக்கே ஒரு கோடு. ரெசிபே என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. ‘எடுத்துக்கொள்’ என்று பொருள். அந்தக் காலத்தில் அந்தக் கட்டளை மருந்து கலக்குபவருக்குப் போனது: இந்தச் சரக்கில் இவ்வளவு எடு, அந்தச் சரக்கில் இவ்வளவு எடு. சமையல் குறிப்பை ரெசிபி என்று சொல்வதும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். இன்று பிரிட்டனில் மருந்து டப்பாவின் மேல் மருந்துக்கடைக்காரர் ஒட்டும் லேபிளில் அதே கட்டளை ஆங்கிலத்துக்கு மாறி, நேராக நோயாளிக்கே வருகிறது: ‘டேக் வித் ஆர் ஜஸ்ட் ஆஃப்டர் ஃபுட்’. சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட கையோடோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

நாம் மாத்திரை போடுகிறோம், டானிக் குடிக்கிறோம், மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் டேக் ஒன்றே போதும். ஆஸ்பத்திரிக்குள் இன்னும் கொஞ்சம் நடந்தால் இது எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். நாம் பிரஷர் பார்க்கிறோம், காய்ச்சல் பார்க்கிறோம், நாடி பிடிக்கிறோம், ரத்தம் மட்டும்தான் எடுக்கிறோம். அங்கே நான்குமே டேக். நோயாளியிடம் என்ன செய்கிறது, எப்போதிருந்து என்று விசாரித்து எழுதிக்கொள்வதும் ‘டேக்கிங் எ ஹிஸ்டரி’. வாங்கும் கைக்கும் கொடுக்கும் உடம்புக்கும் ஒரே வினை.

நாகர்கோவிலில் மாலை நேரங்களில் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் பிரிட்டன் போவதற்காக ஓ.இ.டி. தேர்வுக்குத் தயாராகிறவர்கள். மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஆங்கிலத் தேர்வு அது. பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல் பிளே உண்டு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் சொந்தக்காரராகவோ நடிப்பார், நம்மவர் நர்சாகவே பேச வேண்டும். டிஸ்னியா (மூச்சுத் திணறல்), ஹைபோகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை குறைவது) எல்லாம் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான்கு வருடம் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் சார்ட் எழுதிப் பழகியவர்கள். இவர்களைத் திணற வைப்பது எதிரே இருப்பவர் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வரி. ‘இட்ஸ் ரியலி டேக்கன் இட் அவுட் ஆஃப் மீ’ என்பார். ஏழே சின்னச் சொற்கள், ஒவ்வொன்றும் ஒன்றாம் வகுப்பில் படித்தது. சேர்த்தால் என்ன என்று தெரியாமல் முழிப்பார்கள்.

இது இவர்களுடைய குறை என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நமக்கு ஆங்கிலம் வந்த வழி அப்படி. பாடப்புத்தகம், தேர்வு, அலுவலகக் கடிதம் என்று எழுத்து வழியாகத்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்தது. எழுத்து ஆங்கிலத்தில் லத்தீன், பிரெஞ்சு வழி வந்த கனமான சொற்கள் அதிகம். டாலரேட், ரிமூவ், போஸ்ட்போன், இன்வெஸ்டிகேட். வீட்டுக்குள் பேசும் ஆங்கிலம் டேக், புட், கெட், கம், கோ என்ற கைப்பிடிச் சொற்களையும் அவற்றோடு ஒட்டும் இன், அவுட், ஆஃப், அப் போன்றவற்றையும் வைத்துக்கொண்டே பாதி வாழ்க்கையை நடத்திவிடும். வலியில் இருக்கும் மனிதர் வீட்டுப் பேச்சில்தான் பேசுவார்.

ஆங்கிலத்துக்கே டேக் வெளியிலிருந்து வந்த சொல் என்பதை வகுப்பில் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு நிமன் என்றொரு வினை இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் அதன் உடன்பிறப்பு நேமன் என்று உயிரோடு இருக்கிறது. 865இல் டென்மார்க் பக்கத்திலிருந்து பெரும்படை ஒன்று இங்கிலாந்தில் வந்து இறங்கியது. படையோடு வந்தவர்கள் பலர் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துத் தங்கிவிட்டார்கள். 1016இல் கனூட் என்ற டென்மார்க் இளவரசர் இங்கிலாந்துக்கே அரசரானார். அந்த இரண்டு நூற்றாண்டுப் பழக்கத்தில் எடுப்பதற்கு அவர்கள் சொன்ன டாகா ஆங்கிலத்துக்குள் நுழைந்து, மெல்ல மெல்ல நிமனின் இடத்தைப் பிடித்துவிட்டது. லெக், ஸ்கின், ‘இல்’ (ill) ஆகியவையும் அதே வழியில் வந்தவை. தே, தெம் என்ற பிரதிப் பெயர்கள்கூட. ஒரு நர்ஸ் ஒரு நாளில் எத்தனை முறை சொல்லும் சொற்கள் இவை!

தோற்றுப்போன நிமன் முழுதாகச் சாகவில்லை. சில நூற்றாண்டுகள் ‘திருடு’ என்ற கொச்சைப் பொருளில் நிம் என்று ஒதுங்கிக் கிடந்தது. இன்னொரு மிச்சம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. மரத்துப்போவதை ஆங்கிலத்தில் ‘நம்’ (numb) என்கிறார்களே, அது நிமனின் இறந்தகால வடிவத்திலிருந்து வந்தது. ‘எடுக்கப்பட்டது’, அதாவது உணர்வு பறிபோனது. கடைசியில் உள்ள பி எழுத்து பின்னால் யாரோ ஒட்டியது, உச்சரிப்பில் அதற்கு வேலையில்லை. தையல் போடும் முன் ஊசி குத்தி மரக்கச் செய்வதைச் சொல்லும்போதெல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய டேக்கைத்தான் சொல்கிறோம்.

டாகாவுக்கும் அடியில் இன்னொரு பொருள் உண்டு. அதற்கு இனமான, கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழிச் சொல்லுக்குத் தொடுதல் என்றே பொருள். தொட்டது, பிடித்தது, தன் பக்கம் இழுத்தது. டேக்கின் உள்ளே எப்போதும் ஒரு கை இருக்கிறது என்று நான் சொல்லித் தருவது இதனால்தான். இன், அவுட், ஆஃப் எல்லாம் அந்தக் கை போகும் திசை.

1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் டேக்குக்கு மட்டும் 134 பொருள் எழுதினார், ஐந்து பக்கத்துக்கு மேல். தன் முன்னுரையில், வினைக்குப் பின்னால் சின்னச் சொல் ஒன்று ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் என்று குறிப்பிட்டிருக்கிறார். சிலவற்றின் பொருள் மூலச் சொல்லிலிருந்து எவ்வளவோ விலகிவிட்டதாகவும், எந்தப் படிகளில் ஏறி இங்கே வந்தது என்று எப்பேர்ப்பட்ட அறிவாளியாலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொல்கிறார். அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் டேக் ஆஃப் ஒன்று. இவற்றை ஃப்ரேசல் வெர்ப் என்று குறிக்கும் வழக்கம் மிகப் பிந்தியது. லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் அப்படி எழுதினார், அகராதியாளர் ஹென்றி பிராட்லி சொல்லித் தந்த பெயர் என்று குறிப்பும் போட்டார். இன்று ஆக்ஸ்போர்டு பேரகராதியில் அதிகப் பொருள் கொண்ட வினை ரன். அதற்கு 645 பொருள் என்று அதன் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கிலிவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கையில் டேக் பின்தங்கியிருக்கலாம். நோயாளியின் வாயில் ரன்னைவிட டேக்குக்குத்தான் வேலை அதிகம்.

ஜான்சன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் படிகளைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் முடியாதுதான். பாதிக்கு மேல் முடியும். டேக் இன்னை எடுத்துக்கொள்வோம்.

வெளியே இருப்பதைக் கை உள்ளே கொண்டுவருகிறது. மழையில் கொடியில் காயும் துணியை உள்ளே எடுத்தால் டேக் இன். ஆதரவில்லாத பிள்ளைக்கு வீட்டில் இடம் கொடுத்தாலும் டேக் இன். சொன்ன செய்தி மனதுக்குள் போய்ச் சேர்ந்தால் அதுவும் டேக் இன். புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு நோயாளி ‘ஐ காண்ட் டேக் இட் இன்’ என்பார். காதில் விழுந்துவிட்டது, மனதுக்குள் இறங்கவில்லை என்று சொல்கிறார். அந்த நேரத்தில் நர்ஸ் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதியைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு வார்த்தைகூட உள்ளே போகாது. பொய்யைக் கேட்டு நம்பி ஏமாறுவது ‘டேக்கன் இன்’. இதில் உள்ளே இழுக்கப்பட்டவர் ஏமாந்தவரேதான்.

இன்னொரு டேக் இன் உண்டு, தையல்காரரிடம் போவது. ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைக்கக் கொடுப்போமே, அது. ‘பேண்ட்டை எல்லாம் இரண்டு தடவை டேக் இன் பண்ண வேண்டியதாகிவிட்டது’ என்று நோயாளி போகிற போக்கில் சொல்வார். எடை குறைகிறது என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் அதைத்தான் சொல்லிவிட்டார். அந்த வரி புரிந்த நர்ஸ் உடனே எவ்வளவு நாளாக, பசி எப்படி என்று கேட்பார். புரியாதவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கைடு புத்தகங்களில் டேக் இன் போட்டு, சமக்குறி போட்டு, அண்டர்ஸ்டாண்ட் என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது இதற்காகத்தான். அந்தச் சமக்குறி ஒரு கதவைத் திறந்துவிட்டு நான்கை மூடுகிறது.

நோயாளியின் உடம்புக்குள் போவதையும் வெளியேறுவதையும் குறிக்க நர்ஸ்கள் தினமும் நிரப்பும் இன்டேக் அவுட்புட் சார்ட்டும் இதே குடும்பம்தான். டேக் இன் திரும்பிக்கொண்டால் இன்டேக். பழைய ஆங்கிலத்தில் இந்தத் திசைச் சொற்கள் வினைக்கு முன்னால் வருவது சாதாரணம். பின்னால் போகும் பழக்கம் பிறகுதான் பெருகியது. பழைய வரிசையின் மிச்சமாக ஓவர்டேக், அண்டர்டேக் இரண்டும் நிற்கின்றன. பஸ் ஓவர்டேக் பண்ணுகிறது, நைட் டியூட்டி நர்ஸ் காலையில் வருபவர் டேக் ஓவர் பண்ணும்வரை காத்திருக்கிறார். இரண்டையும் மாற்றிப் போட முடியாது. அண்டர்டேக் என்றால் பொறுப்பேற்பது. அண்டர்டேக்கர் என்றால் மட்டும் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவர், வார்டில் வாய் தவறிக்கூட வேறு பொருளில் வந்துவிடக் கூடாது.

இப்போது அந்த ‘டேக்கன் இட் அவுட் ஆஃப் மீ’. வகுப்பில் இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குவேன். பலகையில் மூன்று வரி எழுதுவேன். தையலைப் பற்றி: டேக் இட் அவுட். கீமோவைப் பற்றி: டேக்ஸ் இட் அவுட் ஆஃப் மீ. தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள் தன்னைப் பற்றி: ஐ டேக் இட் அவுட் ஆன் தி கிட்ஸ். முதலாவதில் கை எதையோ வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். நாம் தையல் பிரிப்பது என்போம். இரண்டாவதில் எடுபடுவது உடம்பின் தெம்பு. மூன்றாவதில் உள்ளே இருக்கும் கோபமோ ஆற்றாமையோ வெளியே வருகிறது, வந்து இன்னொருவர் மேல் விழுகிறது. ஆஃப் (of) என்றால் எங்கிருந்து, ஆன் என்றால் யார் மேல். அந்த இரண்டு துளிச் சொல்லில் ஒருவர் களைத்துப்போனவரா, இன்னொருவர் மேல் எரிந்து விழுபவரா என்பது தெரிந்துவிடுகிறது. அந்த மகளுக்குத் தேவைப்படுவது ஆறுதலும், சில நாளாவது அந்தப் பொறுப்பிலிருந்து ஓய்வும். இட் என்றால் எது என்று எங்கும் சொல்லப்படவில்லை, தேடவும் வேண்டாம்.

இரண்டாவது வரிக்குத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். குழித்துறைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி யோசிக்கவே இல்லை. “ஆளையே பிழிஞ்சு எடுத்துட்டுன்னு சொல்லுவோம் மேம்” என்றார். எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். அங்கேயும் எடுதான். வெயில் வாட்டி எடுக்கிறது, மாமியார் வறுத்தெடுக்கிறார், பிள்ளைகள் படுத்தி எடுக்கிறார்கள். நம் எடு இன்னொரு வினைக்குப் பின்னால் போய் நின்று, விடாமல் நடப்பதையும் அதனால் படும் பாட்டையும் சொல்கிறது. எழுதித் தள்ளினான், சொல்லித் தொலை, செய்துவிடு, வைத்துக்கொள் எல்லாம் இதே வேலைதான். வினைக்குப் பின்னால் ஒரு சின்ன வினையைப் போட்டு, செய்பவரின் மனநிலையையே மாற்றிவிடுகிறோம். ‘தொலை’யில் எதுவும் தொலைவதில்லை, ‘தள்ளு’வில் எதையும் தள்ளுவதில்லை. இதை நமக்கு யாரும் சமக்குறி போட்டுச் சொல்லித் தரவில்லை. ஆகவே ஃப்ரேசல் வெர்ப் தமிழருக்கு எட்டாத விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் காது இதற்குப் பழகிய காது. நாம் துணைக்கு வினையை வைக்கிறோம், அவர்கள் திசையை வைக்கிறார்கள்.

டேக் ஆஃப்பில் (take off) பொருளைவிட வரிசையும் அழுத்தமும்தான் முக்கியம். ‘டேக் ஆஃப் தி டிரஸ்ஸிங்’ என்றும் சொல்லலாம், ‘டேக் தி டிரஸ்ஸிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம். இட் வந்துவிட்டால் நடுவில் மட்டுமே நிற்கும்: ‘டேக் இட் ஆஃப்’. ஆஃப், இன், அவுட், அப், டவுன், ஓவர், பேக் எல்லாம் இப்படி நகர்ந்து இடம் கொடுப்பவை. பேசும்போது அழுத்தமும் அவற்றின் மேல்தான் விழும். டேக் ஆஃப்டர் அப்படி நகராது. ‘ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்’ என்றால் அவள் அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள். ஹிம் நடுவில் வர இடமே இல்லை, அழுத்தம் டேக்ஸ் மேல். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்ற கேள்விக்குப் பதிலாக இந்த வாக்கியம் வரலாம். ஆமாம் இல்லை என்று சொல்லாமல் இப்படிச் சுற்றி வருபவர்களும் உண்டு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. சட்டையைக் கழற்றச் சொல்ல நம்மவர்களில் பலர் ‘ப்ளீஸ் ரிமூவ் யுவர் ஷர்ட்’ என்பார்கள். இலக்கணம் சுத்தமாக இருக்கிறது, ப்ளீசும் இருக்கிறது. ஆனாலும் கேட்பவருக்கு விமான நிலையச் சோதனையில் நிற்கும் உணர்வு வரும். ‘குட் யூ டேக் யுவர் டாப் ஆஃப் ஃபார் மீ’ என்றால் அதே ஆள், அதே சட்டை, கூச்சம் பாதியாகக் குறைகிறது. கனமான சொல் மரியாதையானது, சின்னச் சொல் மரியாதைக் குறைவு என்று நம் பள்ளிக்கூடங்கள் ஊட்டிய எண்ணத்தை உடைக்க எனக்கு வாரக்கணக்கில் ஆகிறது. படுக்கையருகே பெரும்பாலும் நேர் எதிர்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டேக் அப் என்றால் புதிதாக ஒரு பழக்கம் தொடங்குவது, சிகரெட் ஆனாலும் நீச்சல் ஆனாலும். இடத்தையோ நேரத்தையோ அடைப்பதும் அதுதான். டேக் ஆன் என்றால் வேலையைத் தலைமேல் போட்டுக்கொள்வது, ஆளை வேலைக்கு வைப்பது. சில வயதான ஆங்கிலேயர்கள் அழுது புலம்புவதற்கும் அதைச் சொல்வதுண்டு. டேக் டு பெட் என்றால் படுத்த படுக்கையாவது. டேக் டு ஒரு மனிதர் என்றால் பார்த்ததும் பிடித்துப்போவது, டேக் அகெய்ன்ஸ்ட் அதற்கு நேர்மாறு. டேக் பேக் என்றால் கடையில் திருப்பிக் கொடுப்பது, சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது.

நம் ஊர் டேக் சில உண்டு: டேக் ரெஸ்ட், டேக் பாத், டேக் ஃபுட். இவற்றைத் தப்பு என்று சிவப்பு மையில் அடிக்க எனக்கு மனம் வராது. கோடிக்கணக்கானோர் பேசிப் பழகிய ஆங்கிலம் இது. அங்கே போனால் ‘கெட் சம் ரெஸ்ட்’, ‘ஹேவ் எ பாத்’ என்பார்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். தேர்வு எழுதுவது என்பதை நாம் ரைட் என்கிறோம், அங்கே சிட் அல்லது டேக். இந்த வித்தியாசத்தால் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை.

ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து வலியோடு இருக்கும் நோயாளி, கையில் மாத்திரைக் கிண்ணம், ‘ஐ காண்ட் டேக் இட்’ என்கிறார். மாத்திரையை விழுங்க முடியவில்லை, தொண்டையில் நிற்கிறது என்று இருக்கலாம். அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று இருக்கலாம். வலியைத் தாங்க முடியவில்லை என்றும் இருக்கலாம். கூடவே ‘எனிமோர்’ சேர்ந்தால் தாங்க முடியவில்லை என்ற பக்கம் சாய்கிறது, ஆனாலும் உறுதி இல்லை. இவ்வளவு நாள் ஒத்துக்கொண்ட மருந்து இப்போது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். ரோல் பிளேயில் இந்த வரியை நான் வேண்டுமென்றே போடுவேன். முதல் சுற்றில் பெரும்பாலோர் மாத்திரைக்குத் தண்ணீர் கொடுக்கப் போவார்கள், அல்லது டாக்டரிடம் சொல்கிறேன் என்பார்கள்.

போன மாதம் ஒரு மாணவி இரண்டையும் செய்யவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘இஸ் இட் தி டேப்லெட், ஆர் இஸ் இட் தி பெயின்’ என்று கேட்டார். பெரிய ஆங்கிலம் ஒன்றும் இல்லை. தேர்வு அறையில் இதற்கு நல்ல மதிப்பெண் உண்டு, ஏனென்றால் நோயாளி சொன்னதை உறுதி செய்துகொள்வது அங்கே தனியாகக் கவனிக்கப்படும் திறமை. அந்த மாணவிக்குப் பிறகு வந்த எல்லோருக்கும் அந்தக் கேள்வியையே பாடமாக வைத்துவிட்டேன். இப்போது வகுப்பு நோட்டில் டேக்குக்கு ஒரு பக்கம் போதவில்லை. இன்னுக்கு ஒரு பக்கம், அவுட்டுக்கு ஒரு பக்கம், ஆஃப்புக்கு ஒரு பக்கம் என்று திசைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி சொல்லக்கூடிய முழு வாக்கியமாக எழுதச் சொல்கிறேன். எதிர்ப்பக்கத்தில் சமக்குறி கிடையாது. அந்த வாக்கியத்தைக் கேட்டால் நர்ஸ் திருப்பி என்ன கேட்பார் என்பதை அங்கே எழுத வேண்டும்.